ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை!

வீட்டில் அதிகம் உழைக்கிறவர் யார் என்று கேட்டால் கணவர் தன்னைக் காட்டுவார். மனைவி சிரிப்பார். உண்மையான உழைப்பாளி சமையலறை மூலையில் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும். ஃப்ரிட்ஜுக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் போனஸ் கிடையாது. அது ஒரு நாள் லீவு போட்டால்தான் அருமை தெரியும்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் லீவு போட்டது போன கத்திரி வெயிலில். இருப்பது நெய்வேலி டவுன்ஷிப். குவார்ட்டர்ஸ் மனைவி பேரில்; நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் பி.காம். 1962லிருந்து ஊருலகத்துக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கும் ஊரில், எங்கள் வீட்டுப் பால் திரிந்து போயிற்று.

"என்னங்க, லைட் எரியுது. ஆனா உள்ள பீரோ மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

பால் போனால் போகட்டும். மாவு புளித்தால் ஊத்தப்பம். பண்ருட்டி பலாச்சுளை வீணானால் ஒரு நாள் துக்கம். ஆனால் அம்மாவின் இன்சுலினும் உள்ளே இருந்தது. பிரிக்காத பாட்டில் மூன்று. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. வீரியம் போன இன்சுலின் பல சமயம் பார்வைக்கு நல்ல பிள்ளையாகவே இருக்கும். ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் குட்டு வெளிப்படும்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே தீர்ப்பு வந்தது: "காஸ் தீர்ந்திருக்கும் சார். நாளைக்கு வந்து ஃபில் பண்ணிடறேன். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்."

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு எதிர்வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். சுரங்கத்தில் பம்ப் ஓட்டி ரிடையரானவர். இப்போது மகன் குவார்ட்டர்ஸில் வாசம்.

"முதல்ல மருந்தை எடுங்க தம்பி."

பிரிக்காத பாட்டில்கள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டுக்குப் போயின. ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். உபயோகத்தில் இருந்த பாட்டிலை மூடிபோட்ட டப்பாவில் வைத்து, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து, நிழலில் காற்றாட வைத்தோம். பிரித்த பாட்டில் பெரும்பாலும் 4 வாரம் வெளியே தாங்கும். ஆனால் அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதத்தில் எங்கள் ஊரில் அப்படி ஓர் அறை ஏது?

அப்புறம் பெரியவர் பாடம் எடுத்தார்.

"நம்ம ஊர்ல கரிக்குக் கீழே ஊத்துத் தண்ணி அழுத்திக்கிட்டே இருக்கு தம்பி. ராப்பகலா இறைக்கலேன்னா சுரங்கத்துக்குள்ள பொங்கி ஏறிடும். ஃப்ரிட்ஜும் அதே கதைதான். அது குளிரைத் தயாரிக்கலே. உள்ள இருக்கிற சூட்டை இறைச்சு வெளியே கொட்டுது."

சரியான ஊரில் சரியான உதாரணம். நெய்வேலியில் கரி இருப்பதே 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு வந்த கறுப்புப் பொருளால்தான் தெரியவந்தது.

பெரியவர் கேட்டது மூன்றே கேள்வி. பம்ப் ஓடுதா? சூடு வெளியே போக வழி இருக்கா? புதுச் சூடு உள்ளே நுழையுதா?

மூன்றாவதை முதலில் பார்த்தோம். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்தால் இறுக்கமாக வரவேண்டும். வந்தது. ரப்பர் பாஸ். அடுத்து பம்ப், அதாவது கம்ப்ரஸர். கொஞ்ச நேரம் முனகியது, 'டக்' என்றது, நின்றது. அளவுக்கு மீறிச் சூடானால் எரிந்து போகாமலிருக்க அதுவே ஆஃப் ஆகிக்கொள்ளுமாம்.

சூடு ஏன் ஏறியது? ஃப்ரிட்ஜை இழுத்துப் பின்னால் பார்த்தோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்துப் போயிருந்தார்கள். சூட்டைக் கொட்ட வேண்டிய கறுப்புக் கம்பி வலை மீது தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பளி போல் மூடியிருந்தது. கத்திரி வெயிலில் கம்பளி!

பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தோம். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். 'ம்ம்ம்...' 'டக்' வரவில்லை. ராத்திரி ஐஸ் தட்டு உறைந்துவிட்டது.

"அப்ப காஸ்?" என்றேன்.

"அது என்ன ஸ்கூட்டர் பெட்ரோலா, ஓட ஓடத் தீர? சீல் வெச்ச குழாய்க்குள்ளே சுத்திச் சுத்தி வருது. குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். அதை அடைக்காம காஸ் ஏத்தறது பஞ்சர் ஒட்டாம காத்தடிக்கிற வேலை."

ஃப்ரீஸர் ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும் வீரர்களே, ஓட்டை விழுவது பெரும்பாலும் உங்கள் கைங்கரியம்! நிஜமாகவே ஓட்டை என்றால் நாமே கை வைக்கக் கூடாது. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் காஸுக்குப் பங்காளி. தீப்பிடிக்கும். இரண்டு கதவு மாடலில் மேலே ஐஸ், கீழே வெதுவெதுப்பு என்றால் காஸை விட உள்ளே இருக்கும் ஃபேன் மீதோ, பனியை உருக்கும் ஹீட்டர் மீதோதான் சந்தேகப்பட வேண்டும். புது மாடல்களில் பக்கவாட்டுத் தகடு சுட்டால் பயம் வேண்டாம். கம்பி வலை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மறுநாள் டாக்டரைக் கேட்டோம். சில மணி நேரச் சூட்டில் மருந்து வீணாகாது, ஆனாலும் ஒரு வாரம் தினம் சர்க்கரையைப் பாருங்கள் என்றார். மூன்று நாள் கூட்டியும் குறைத்தும் காட்டிய மெஷின், நாலாம் நாள் காலை 118 என்றது. வீடே மூச்சு விட்டது.

மண்பானையைக் கொல்லைக்கு எடுத்துப் போகப் போனேன்.

"அது அங்கேயே இருக்கட்டும்டா" என்றாள் அம்மா. "அதுக்கு காஸும் வேணாம், கரண்டும் வேணாம்."