எதிர்காலத்தின் எடை ஒன்றரை டன்

நுழையும்முன்

வருவதை முன்கூட்டியே அறிய விரும்புவது மனித இயல்பு. கணினியைப் பற்றியும் கணினி விளையாட்டுகளைப் பற்றியும் கூறப்பட்ட முன்கணிப்புகளுள் சில பலித்தன, பல பொய்த்தன, சில சொன்னவரையே சிரிக்கவைத்தன. அவற்றுள் சிலவற்றைச் சிரித்தபடியே சிந்திக்க அழைக்கிறது இக்கட்டுரை.

போர்மேற்சென்ற தலைவன் மீள்வானா என்று அறிய, ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லை மலரும் தூவி, நற்சொல் கேட்டு நின்ற முதுபெண்டிரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. இதனை விரிச்சி கேட்டல் என்பர். அன்று கேட்ட கேள்வி ஒரு மனிதனின் வருகையைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டில் அக்கேள்வி ஓர் இயந்திரத்தின் வருகையைப் பற்றியதாயிற்று. விடை சொல்லும் பொறுப்பை அறிஞர்களும் இதழ்களும் ஏற்றுக்கொண்டனர். அவர்கள் கையில் நெல்லுக்குப் பதிலாகப் புள்ளிவிவரங்கள் இருந்தன. ஆயினும், வருங்காலம் அவர்களிடமும் எளிதில் வாய் திறக்கவில்லை.

ஒன்றரை டன் கனவு

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் கணினியின் எடை ஏறத்தாழ 30 டன். அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒரு பெரிய கூடத்தையே அது தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. எங்கோ ஒரு குழாய் பழுதானால், அதனைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றுவதே பெரும்பணியாக இருந்தது.

இந்த இயந்திரத்தை மனத்திற்கொண்டு, 1949 மார்ச் மாத பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் துணிவான ஒரு கணிப்பை வெளியிட்டது. வருங்காலக் கணினியில் 1,000 குழாய்களே இருக்கலாம். அதன் எடையும் ஒன்றரை டன்னாகக் குறையலாம் என்பதே அக்கணிப்பு. யானைக் கூட்டம் ஒன்றை ஓர் இளங்களிறாகச் சுருக்கிய பெருமிதம் அதில் தெரிகிறது. இன்று அதனைப் படிக்கும் மாணவரின் சட்டைப்பையில் கால் கிலோவுக்கும் குறைந்த எடையில் ஒரு கணினி இருக்கக்கூடும். அதற்குத் திறன்பேசி என்று பெயர்.

அக்கணிப்பைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. கணினியின் எடை குறையும் என்பது உண்மையாயிற்று. குழாய்களின் எண்ணிக்கை குறையும் என்று எண்ணியவர்கள், குழாயே இல்லாமற்போகும் என்று எண்ணவில்லை. அதுவே பிழை. இதில் வியப்பு யாதெனில், குழாயின் இடத்தைப் பிடிக்கவிருந்த டிரான்சிஸ்டர், அவ்விதழ் வெளிவருவதற்கு முன்பே, 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. வருங்காலம் வாசலில் வந்து நின்றது. விருந்தினரை அடையாளம் காண்பார்தாம் அரியர்.

பலித்த கேலிச்சித்திரம்

கார்டன் மூர் என்னும் அறிஞர் 1965 ஏப்ரலில் எலக்ட்ரானிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சிலிக்கான் சில்லில் அமையும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகி, 1975இல் 65,000 என்னும் அளவை எட்டும் என்றார். வீட்டுக்கொரு கணினியும் கையில் எடுத்துச் செல்லும் தகவல்தொடர்புக் கருவியும் வரும் என்றும் அதில் குறிப்பிட்டார்.

அக்கட்டுரையுடன் ஒரு கேலிச்சித்திரமும் அச்சாகியிருந்தது. பலசரக்குகளும் விற்கும் பெருங்கடை ஒன்று. ஒருபுறம் ஊசி, நூல் போன்ற சில்லறைப் பொருள்கள். மறுபுறம் ஒப்பனைப் பொருள்கள். இரண்டுக்கும் நடுவே கையடக்கமான வீட்டுக் கணினிகளைக் கூவி விற்கும் ஒருவர்! அக்காலக் கணினியை அறிந்தோர்க்கு அது நல்ல நகைச்சுவை. இன்றைய பேரங்காடிக்குள் நுழைவோர்க்கு அதில் சிரிக்க ஏதுமில்லை. அது வெறும் கடைக்காட்சி. பிறரைச் சிரிக்கவைக்க வரைந்த சித்திரம் பலித்தது. பெருமிதத்துடன் எழுதிய ஒன்றரை டன் கணிப்போ சிரிப்புக்கு இடமாயிற்று.

பத்தாண்டும் நூறாண்டும்

கணினி, மனிதனை விளையாட்டில் வெல்லுமா என்ற கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் ஆட்டிவைத்தது. பத்து ஆண்டுகளுக்குள் ஒரு கணினி சதுரங்கத்தில் உலக வாகையர் ஆகிவிடும் என்று ஹெர்பர்ட் சைமனும் ஆலன் நியூவெலும் 1958இல் எழுதினர். சொன்ன காலம் வந்தது, கணினி வரவில்லை. அந்நிலையில், டேவிட் லெவி என்னும் சதுரங்க வீரர், அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தம்மைக்கூட எந்தக் கணினியும் வெல்லாது என்று 1968இல் அறிஞர்களிடமே பந்தயம் கட்டினார். 1978இல் பந்தயத்தை வென்றார். ஆனால், 1989இல் டீப் தாட் என்னும் கணினியிடம் தோற்றார். உலக வாகையர் காரி காஸ்பரோவை டீப் புளூ என்னும் கணினி ஆட்டத்தொடரில் வென்றது 1997 மே மாதத்தில்தான். பத்து என்று சொன்னது ஏறத்தாழ நாற்பதாயிற்று.

இந்தத் தாமதம் கற்பித்த பாடத்தால் கணிப்பாளர்கள் எச்சரிக்கையாயினர். ‘கோ’ என்பது கீழை நாடுகளில் ஆடப்படும் ஒரு பலகை விளையாட்டு. தமிழில் கோ என்றால் அரசன். ஆனால் இவ்விளையாட்டில் அரசனும் இல்லை, அமைச்சனும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமான கற்களே உண்டு. காஸ்பரோவ் தோற்ற அதே 1997ஆம் ஆண்டில், கோ விளையாட்டில் மனிதனைக் கணினி வெல்ல நூறு ஆண்டுகள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று பீட் ஹட் என்னும் வானியற்பியல் அறிஞர் கூறினார். 2016 மார்ச்சில், தென்கொரியாவின் சியோல் நகரில், ஆல்ஃபாகோ என்னும் நிரல் பெருவீரர் லீ செடோலை நான்கு ஆட்டங்களில் வென்றது. ஓர் ஆட்டத்தில் மட்டும் அவர் வென்றார். நூறு என்று சொன்னது பத்தொன்பதாயிற்று.

அவசரப்பட்டவர்க்குக் காலம் நீண்டது. பொறுமை காத்தவர்க்குச் சுருங்கியது. இருவரும் அறிவிற் குறைந்தவரல்லர். நேற்றைய வேகத்தைக் கொண்டு நாளைய வேகத்தை அளந்தனர், அவ்வளவே.

தெரியுமா?
1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திற்கு வரும் பார்வையாளர்களை மகிழ்விக்க, வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர் அலைவுகாட்டியின் திரையில் டென்னிஸ் விளையாட்டு ஒன்றை அமைத்தார். அதனை ஆட மக்கள் வரிசையில் நின்றனர். பிற்காலத்தில் இது பெருந்தொழிலாக வளரும் என்று அவர் கருதவில்லை. காப்புரிமை பெறவும் முயலவில்லை.

புதைத்தது முளைத்தது

1983இல் அமெரிக்காவில் காணொளி விளையாட்டுச் சந்தை சரிந்தது. விற்காத விளையாட்டுப் பேழைகளை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ நகரக் குப்பைக் குழியில் கொட்டிப் புதைத்தது. காணொளி விளையாட்டின் காலம் முடிந்தது என்றே வணிகர் பலர் முடிவு கட்டினர். 1985இல் நிண்டெண்டோ நிறுவனம் தன் கருவியை அங்கு விற்க வந்தபோது, கடைக்காரர்களின் அச்சத்தைப் போக்க, அதனைப் பொழுதுபோக்குச் சாதனம் என்று பெயரிட்டு, ஒரு பொம்மை இயந்திர மனிதனையும் உடன் சேர்த்து விற்றது. பின்வாசல் வழியே நுழைந்த விளையாட்டு, நடுக்கூடத்தையே பிடித்துக்கொண்டது. 2014இல் அக்குழி தோண்டப்பட்டது. அன்று குப்பை என்று புதைக்கப்பட்டவை ஏலத்தில் விலைபோயின; அவற்றுள் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

சொல்லை விழுங்கியவர்

1996இல் இணையம் அடியோடு நிலைகுலையும் என்று ராபர்ட் மெட்காஃப் 1995இல் எழுதினார். அவர் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். எனவே, அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. தம் கணிப்பு பொய்த்தால் சொன்ன சொல்லை விழுங்குவதாகவும் உறுதியளித்தார். இணையம் நிலைகுலையவில்லை. 1997இல் ஒரு மாநாட்டு மேடையில், தம் கட்டுரை அச்சான தாளை நீருடன் அரைவை இயந்திரத்தில் இட்டு அரைத்து, எல்லார் முன்னிலையிலும் குடித்தார். சொன்ன சொல்லைக் காப்போர் உண்டு. சொன்ன சொல்லைக் குடித்தவர் அவரே. கணிப்பில் தோற்ற அவர், நேர்மையில் வென்றார்.

சொல்லாத சொல்லுக்குச் சிரிப்புக்கு ஆளானோரும் உளர். உலகிற்கு ஐந்து கணினிகள் போதும் என்று ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் 1943இல் கூறியதாக ஒரு செய்தி பரவியுள்ளது. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிறர் ஆராயாமல் கணித்ததை எண்ணிச் சிரிப்போர், தாமும் ஆராயாமல் சிரிப்பது பொருந்துமா?

முடிவு யார் கையில்?

மேல்நிலைக் கல்வியில் நிற்கும் மாணவரைச் சுற்றிலும் கணிப்பாளர்கள் உளர். இந்தப் படிப்புக்கு இனி வேலையில்லை என்பர் ஒருசாரார். அந்தப் படிப்பு ஒன்றே நிலைக்கும் என்பர் மற்றொருசாரார். செயற்கை நுண்ணறிவு பத்தே ஆண்டுகளில் எல்லாவற்றையும் செய்துவிடும் என்பாரும் உளர். அவர்களைப் பழிக்கவும் வேண்டா. அவர்கள் சொல்லுக்கு அஞ்சவும் வேண்டா. சொல்பவர் எதனை மாறாதது என்று கொண்டு கணிக்கிறார் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். 1949இல் மாறாதது என்று கொள்ளப்பட்டது வெற்றிடக் குழாய்!

கணினி வென்றபின் மனிதர் சதுரங்கம் ஆடிப் பயனென்ன என்னும் கேள்வி 1997இல் இயல்பாகவே எழக்கூடியது. சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் ஐந்து முறை உலக வாகையர் ஆனார். அவ்வைந்தும் அந்த ஆண்டிற்குப் பின்னரே. அவ்வாண்டிற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையில் பிறந்த குகேஷ், 2024இல் தம் பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார். இன்றைய வீரர்கள் கணினியையே ஆசானாகக் கொண்டு பயில்கின்றனர். பயனில்லை என்று அன்றே பலகையை மடித்து வைத்திருந்தால், இவ்வெற்றிகள் இல்லை. வருங்காலத்தின் எடையை எவரும் சரியாக நிறுத்துச் சொன்னதில்லை. விரும்பியதைக் கற்றுக்கொண்டே இருப்பவர், அது எந்த எடையில் வந்தாலும் தூக்கிக்கொள்வர்.