உப்பளத்திலிருந்து பாதமலைக்கு

ஆனையிறவில் வாழ்வோருக்கு மலை என்பது பாடப்புத்தகத்துப் பொருள். கிழக்கே ஒரு நீரேரி, மேற்கே ஒரு நீரேரி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். அதன்மேல் ஒரு வீதியும் ஓர் இருப்புப்பாதையும். உப்பளத்து வரம்பைவிட உயர்ந்த மேட்டை அங்கே தேடித்தான் காணவேண்டும். இத்தகைய சமநிலத்தில் நடந்து பழகிய கால்கள் 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையில் ஏறுமா என்று நண்பர்கள் எம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே.

ஆயினும் தடை கால்களில் மட்டும் இருக்கவில்லை. 1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றபோது எமக்குப் பத்து வயது. மீண்டும் அது யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014இல். இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மலைநாடு என்பது வெளிநாட்டைப் போலவே எட்டாத இடமாயிற்று. ஆதலால் 2018ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மாணாக்கர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, சக ஆசிரியர் ஒருவருடன் புறப்பட்டோம். அட்டன் வழியாக ஏறி இரத்தினபுரி வழியாக இறங்குவது, வந்த வழியே திரும்பாமல் ஒரு சுற்றாக ஊர் சேர்வது என்பது எமது திட்டம்.

அட்டனிலிருந்து பஸ் வண்டி மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியை அடைகிறது. ஊரின் பெயரே தமிழ். வழியெங்கும் தேயிலைச் சரிவுகள். சரிவுகளின் மடியில் வரிசை வரிசையாக லயன் வீடுகள். மாணாக்கர் சாளரத்தருகே நெருக்கியடித்து நின்று பார்த்தனர். அவர்களுள் ஒருவன் மட்டும் எதுவும் பேசவில்லை.

நல்லதண்ணியில் ஒரு தேநீர்க் கடை. கடைக்கார அம்மையார் அவனிடம், “எந்த ஊரு தம்பி?” என்றார். “கிளிநொச்சி” என்றான். சற்றுத் தயங்கிவிட்டு, “எங்க அப்பாயி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம்” என்று, வகுப்பில் நாம் ஒருநாளும் கேட்டறியாத பேச்சில் சொன்னான். “அட, நம்ம புள்ள!” என்று அந்த அம்மையார் அவன் தலையைத் தடவினார். உடன் வந்த மாணாக்கர் வியந்து நோக்கினர். மூன்று ஆண்டுகள் கூடப் படித்தும் அவர்கள் இதனை அறியார். அவன் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ‘தோட்டக்காட்டான்’ என்றொரு சொல் நம்மவரிடையே இன்னும் வழங்குகிறதன்றோ?

அச்சொல்லால் சுட்டப்படுவோரின் வரலாற்றை அன்றிரவு மடத்தில் இருந்து மாணாக்கருக்குக் கூறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் எண்ணற்றோர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையை வளர்த்தவர்களும் அவர்களே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியோரின் குறை தீரச் சட்டம் வந்தது 2003இல். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது பல்லாயிரவர் மலையை விட்டு இறங்கி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கழனி ஆக்கினர். எமது மாணவனின் அப்பாயி 1977இல் வந்தவர். கிளிநொச்சியில் நாம் உண்ணும் சோற்றில் அவர்களுடைய வியர்வையும் உண்டு.

பின்னிரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தூரம். 5,000இற்கு மேற்பட்ட படிகள். முதற்பகுதி ஏமாற்றுவது போல் எளிதாயிருக்கும். சீத கங்குலையைத் தாண்டியபின் படிகள் செங்குத்தாகின்றன. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைந்து, உச்சியில் கடல் மட்டத்தில் உள்ளதன் முக்காற்பங்களவே எஞ்சுகிறது; மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை தாழும். அதாவது, எமது ஊரில் 28 பாகையாயின் உச்சியில் 14 பாகைக்கும் குறைவு. காற்று வீசினால் கைவிரல்கள் மரத்துப்போகும். மாணாக்கரிற் சிலர் நூறு படிக்கு ஒருமுறை அமர்ந்தனர். தடியூன்றி ஏறிய சிங்கள மூதாட்டி ஒருவர் ‘கருணாவை’ என்று வாழ்த்திக் கடந்து சென்றார். நம்மவர் ‘அரோகரா’ என்று கூறி எழுந்தனர். இந்துக்கள் சிவனுடைய திருவடி என்றும், பௌத்தர் புத்தருடைய பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் காற்சுவடு என்றும் போற்றும் இடம் அது.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை அடித்தல் வழக்கம். எமது மாணவன் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினான். “சேர், அப்பாயி ஏழு தரம் ஏறியிருக்கா. அதையும் சேர்த்து அடிக்கலாமோ?” என்றான். வழக்கத்தில் அதற்கு விதி இருப்பதாக நாம் அறியோம். உன் விருப்பம் என்றோம். அவன் சிறிது யோசித்து ஒருமுறை மட்டுமே அடித்தான். “அவவின்ர கணக்கை அவவே வந்து அடிக்கட்டும். நான் கூட்டிக்கொண்டு வாறன்” என்றான். அருகே நின்ற தோழர்களுள் ஒருவன், “நானும் வாறன், ரெண்டு பேரும் பிடிச்சால் ஏத்தலாம்” என்றான். அவ்வொரு சொல்லைக் கேட்கவே அத்தனை படிகளும் ஏறலாம் என்று எமக்குத் தோன்றியது.

கதிரவன் எழுந்தபோது மேற்கே பள்ளத்து மூடுபனியின்மேல் மலையின் நிழல் கூரிய முக்கோணமாக விழுந்தது. மலை கூம்பாயிருப்பதால் நிழலும் அவ்வாறு என்று பலர் எண்ணுவர். உண்மையில், பல மைல் நீண்டு கிடக்கும் நிழலின் தொலைவான பகுதி, நேரான இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் தூரத்தே ஒன்றுகூடுவது போல், நம் கண்ணுக்கு ஒடுங்கித் தோன்றுகிறது. ஆனையிறவுப் பிள்ளைகளுக்கு இந்த உவமை உடனே விளங்கிற்று.

இரத்தினபுரி வழி ஏறிவந்த வழியினும் மிக நீண்டது. அடர்ந்த மழைக்காடு, வழுக்கும் கற்படிகள், அட்டைகள். ஏறும்போது மூச்சு வருந்தும். இறங்கும்போது முழங்கால் வருந்தும். இவ்வழியை விரும்புவோர் ஊன்றுகோலும் உப்பும் கொண்டு செல்வாராக. உப்புப் பட்டால் அட்டை கடியை விட்டுவிடும். எமது ஊர்ப்பொருள் இவ்வாறு உதவியது கண்டு மாணாக்கர் நகைத்தனர். மாலையில் பலாபத்தலையை அடைந்தபோது, பையைச் சுமக்க முடியாதவனின் பையை இன்னொருவன் சுமந்து வந்தான். யார் எவ்வூரார் என்று எவரும் கேட்கவில்லை.

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். வடபுலத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அனுப்பவேண்டும். மலையைக் காண்பதற்காக மட்டுமன்று. மலையிலிருந்து இறங்கிவந்து நம் அயலில் வாழ்வோர் எதனை விட்டு வந்தனர் என்பதை அறிவதற்காகவும். அறிந்தபின், முன்னே குறித்த அந்தச் சொல்லை நம் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் கேளாதிருக்கச் செய்வது பெரியவர்களாகிய நமது கடன்.