கொரியச் சமையலும் என் மகளும்

நாகபுரிக்கு நான் இரயில்வே குமாஸ்தாவாக வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. என் ஒரே மகள் இவ்வூரிலேயே பிறந்தவள், வயது 12. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் விடை கூறுவாள். பள்ளித் தோழியரைப் பார்த்து, என்னையும் 'பப்பா' என்றே அழைத்து வந்தாள்.

சென்ற மாதம் என் மனைவி, தன் தாயாரின் கண் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தாள். ஒருநாள் மாலை பாட்டி தொலைபேசியில் பேத்தியை அன்போடு விசாரித்தார். இவளோ இந்தியிலேயே பதில் சொன்னாள். பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சினம் மேலிட்டது. "தாய்மொழியில் நாலு வார்த்தை பேச நாவு எழவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். அதன்பின் இரண்டு நாட்கள் அவள் என்னோடு எம்மொழியிலும் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, கைப்பேசியில் கொரிய நாடகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குடும்பத்தார் சோற்றோடு கறியைச் சேர்த்துச் சுவைத்து உண்டுகொண்டிருந்தனர். "அதைச் செய்து தரட்டுமா?" என்றேன். தலையை மட்டும் அசைத்தாள்.

கொரியர்கள் 'புல்கோகி' என்று ஓர் உணவு செய்கின்றனர். அம்மொழியில் 'புல்' என்றால் நெருப்பு. 'கோகி' என்றால் இறைச்சி. மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய் முதலியவற்றில் ஊறவைத்துச் சுடுவது அதன் முறை. அதே சுவைகளைக் கொத்துக்கறியோடு வாணலியில் சேர்ப்பது அவசரக்காரர்களின் வழி. ஊறவைக்க வேண்டுவதில்லை, அரை மணியில் இரவு உணவு ஆயத்தமாகிவிடும்.

முதல் நாள் நான் தோற்றேன். பழக்கத்தினால் கறியில் உப்பைப் போட்டுவிட்டேன். சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதை எண்ணவில்லை. இருவரும் தயிர்ச்சோறு உண்டு எழுந்தோம். ஆயினும் என் முகத்தைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் அவளும் அடுப்படிக்கு வந்தாள். கோழிக் கொத்துக்கறி அரைக் கிலோ வாங்கியிருந்தேன். அகன்ற இரும்பு வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, கறியைக் கட்டியில்லாமல் உதிர்த்துப் பரப்பினேன். ஓயாமல் கிளறலாகாது, நீர் வற்றி அடிப்பக்கம் சிவந்த பின்னரே புரட்ட வேண்டும். பிறகு நசுக்கிய பூண்டு 5 பல்லும் சிறு துண்டு இஞ்சியும் சேர்த்தேன். சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, வெல்லத்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து ஊற்றி வற்றவிட்டேன். கொரியர்கள் 'கொச்சுஜாங்' என்னும் புளிக்கவைத்த மிளகாய் விழுதைச் சேர்ப்பதுண்டு. அது எங்கள் கடைத்தெருவில் கிட்டவில்லை, மிளகாய்த்தூளே போதுமாயிற்று. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதானே!

எஞ்சியது எண்ணெய். அவர்கள் எள்ளை நன்கு வறுத்து ஆட்டுவதால் அந்த எண்ணெய் நிறமும் மணமும் மிகுந்திருக்கும். தாளிக்க உதவாமல் இறுதியில் மணத்துக்காகவே சேர்ப்பர். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் எடுப்பது. ஆகவே ஒரு கரண்டி எள்ளை வறுத்து இடிக்குமாறு மகளிடம் கொடுத்தேன். சங்கராந்திக்கு அண்டை வீட்டார் தரும் உருண்டையால் அவளுக்குத் 'தில்' தெரியும், 'எள்' தெரியாது. "எள்ளின் நெய்தான் எண்ணெய்" என்றேன். "அப்படியானால் தேங்காய் எண்ணெய் மட்டும் எப்படி எண்ணெய் ஆயிற்று?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். நான் வியப்பைக் காட்டிக்கொள்ளாமல், எள்ளுக்கு உரிய பெயரே நாளடைவில் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது என்று விளக்கினேன். அடுப்பை அணைத்து, நல்லெண்ணெயும் எள்ளுப்பொடியும் நறுக்கிய வெங்காயத்தாளும் தூவிச் சுடுசோற்றோடு உண்டோம்.

உண்ணும்போது அவள் ஒரு செய்தி சொன்னாள். அந்த நாடகத்துப் பெண்ணும் தன் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறாளாம். கொரியர்களுக்கும் நமக்கும் உறவுண்டோ என்று கேட்டாள். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-ஆம் ஆண்டில் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலே எழுதினார் என்றேன். ஆயினும் அவ்வுறவை இன்றைய மொழியறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருப்பது இயல்பு என்பதையும் மறைக்காமல் கூறினேன்.

வெளி மாநிலங்களில் மக்களை வளர்க்கும் சங்க அன்பர்கள் இவ்வுணவைச் செய்து பார்க்கலாம். உப்பை மட்டும் மறந்துவிடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மறவாதீர்கள். என் கடுஞ்சொல்லுக்கு வாராத தமிழ் அன்று எள் இடிக்கும்போது வந்தது.

இரண்டாம் முறை சோறு வைக்கையில் அவள் தட்டை நீட்டி, "அப்பா, இன்னும் கொஞ்சம் கறி" என்றாள். கொரிய மொழியில் அழைத்தாளா, தமிழில் அழைத்தாளா என்று நான் கேட்கவில்லை.