பெயரில் ஓர் எழுத்து

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், மறைசாட்சி தேவசகாயம் உள்ளிட்ட பதின்மரைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியபோது, புனித பேதுரு சதுக்கத்தில் நின்ற தமிழ் மக்களுள் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நான் எழுத முற்படுவது, இரண்டு நாள் கழித்து நேர்ந்ததை. நெரிசல் மிகுந்த பேருந்திலிருந்து இறங்கித் தோள்பையைத் தடவினேன், கடவுச்சீட்டைக் காணோம். யாரேனும் எடுத்தார்களோ, நானே தவறவிட்டேனோ, இன்றுவரை அறியேன்.

காவல் நிலையத்தில் புகார் எழுதி முத்திரை பெற்றால்தான் இந்தியத் தூதரகத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்க இயலும் என்றனர். போனேன். குருமடத்தில் கற்ற இலத்தீன் மொழி வழிபாட்டுக்கு அப்பால் உதவும் என்று நான் எண்ணியதே இல்லை. படிவத்தில் ‘கொஞ்ஞோமே’ என்றிருந்ததைக் கண்டு, குடும்பப் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டேன். ஆனால் நமக்கேது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அவ்விடத்தில் என் தகப்பனாரின் பெயர்தான் இருந்தது. அதையே எழுதிக் கொடுத்து அமர்ந்தேன். சிறிது நேரத்தில் காவலர் உரத்த குரலில் என் தகப்பனாரை அழைத்தார். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆயின. என்னையும் அறியாமல் வாயிலைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்தது பிறந்த ஊர். அனந்தபுரம் என்றேன். அவர் தட்டச்சு செய்து காட்டியதோ ஆந்திரத்து அனந்தப்பூர்! எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்தினேன். கைவசமிருந்த பழைய சான்றொன்றின் நகலில் தென்னார்க்காடு மாவட்டம் என்றிருந்தது. கடவுச்சீட்டின் நகலிலோ விழுப்புரம். 1993இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட வரலாற்றை இத்தாலியக் காவலருக்குக் கைச்சாடையால் விளக்குவது எளிதன்று. மூன்று மணி நேரம் ஆயிற்று.

நம் தூதரகம் இருப்பது ‘செப்டம்பர் இருபது’ என்னும் தெருவில். 1870ஆம் ஆண்டு அந்நாளில் இத்தாலியப் படை உரோமைக்குள் புகுந்தது. திருத்தந்தையரின் அரசாட்சி அத்தோடு முடிந்தது. அதன் நினைவாக இட்ட பெயர். குருவானவன் ஒருவன் காகிதம் கேட்டு நிற்பதற்கு வேறு தெரு அகப்படவில்லை போலும்! காவல் நிலையப் புகாரையும் கடவுச்சீட்டின் நகலையும் புகைப்படங்களையும் கொடுத்து அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அது தாயகம் திரும்புவதற்கு மட்டுமே செல்லும். வேறு நாட்டுக்குப் போக உதவாது. ஊர் வந்தபின் புதிய கடவுச்சீட்டுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நகலை மட்டும் வேறு பையில் வைத்திராவிட்டால் என் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும். பயணம் போகும் நம் குடும்பத்தார் இதை மறவாதிருப்பார்களாக.

அங்கே காத்திருந்த வேளையில்தான் அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வந்தது. சென்னையில் கூலிவேலை செய்பவன். வேறு பங்கில் திருமணம் நிச்சயமாகி, ஞானஸ்நானச் சான்று கேட்டு என்னிடம் வந்தான். பதிவேட்டில் ‘அந்தோணி’; அவனுடைய பள்ளிச் சான்றிதழில் ‘அந்தோனி’. “இரண்டும் ஒருவரே என்று எழுதி வாங்கி வா” என்று அனுப்பினேன். வாங்கி வந்தான், தாயின் பெயரிலும் ஒரு வேற்றுமை இருப்பதைக் காட்டி மறுபடியும் அனுப்பினேன். விதிப்படியே செய்தேன் என்றுதான் அன்றிரவு உறங்கவும் சென்றேன். ஒவ்வொரு முறையும் அவன் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி வந்தான் என்பதை அப்போது நான் கணக்கிடவில்லை. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உடனிருந்த ஞானத்தாய், கோயிலுக்கு நான்கு வீடு தள்ளித்தான் வசிக்கிறார். நான் நடந்து போய்க் கேட்டிருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதை ஓரத்தில் குறித்து, கையொப்பமிட்டு, சான்றை எழுதி முடித்துத் தம்பிக்குத் தகவல் அனுப்பினேன். ஞாயிறன்று வந்தான். சான்றை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவன், தயங்கியபடியே கேட்டான்:

“சாமி, உங்க பாஸ்போர்ட்டு தொலைஞ்சு போச்சாமே, கெடைச்சுதுங்களா?”