எல்லையிலே ஒரு பம்பைச் சத்தம்

பெங்களூரில் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரிலோ பஸ்ஸிலோ போகிறீர்கள். ஓசூர் தாண்டியதும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று குழந்தைகள் பிய்த்தெடுப்பார்கள் அல்லவா? அந்த இடம்தான் ஜூஜுவாடி. தமிழ்நாடு இங்கே முடிகிறது. அடுத்தாற்போல் கர்நாடகத்து அத்திப்பள்ளி. லாரிகளும் ஆலை மதில்களும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்பீர்கள்.

கிருஷ்ணகிரிச் சீமையில் மாரியம்மன் திருவிழா நடக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள், சொல்கிறேன். நீர்த்துறையில் பூங்கரகம் ஜோடித்து வைத்திருக்கும். பக்கத்தில் இடுப்பிலே பம்பையுடன் ஒருவர். பம்பை என்றால் ஒன்றல்ல, இரண்டு முழவுகள். ஒன்று மரம், ஒன்று பித்தளை, சேர்த்துக் கட்டியிருக்கும். குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, அம்மனை வர்ணிக்க ஆரம்பிப்பார். அவள் முகம், நகை, புடவை, கோபம், கருணை எல்லாம் வரும். (புடவையை வர்ணிப்பதில் நாமெல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்!) கூடவே உடுக்கையும் சிலம்பும். அவர் அழைத்தால்தான் அம்மன் வருவாள்; வர்ணிப்பு இல்லாவிட்டால் கரகம் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

கடல் கடந்து நைஜீரியாவில் யொரூபா ஜனங்களிடமும் இப்படி ஒருவர் உண்டு. அவருடைய 'டுன்டுன்' நம் உடுக்கை போலவே இடை சிறுத்தது. கயிறுகளைக் கையால் அழுத்த அழுத்தச் சுருதி ஏறி இறங்கும். அவர்கள் பாஷையில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறிவிடும். ஆகவே முரசே பேசும்! பெரியவர்களின் பெயரும் குலப் பெருமையும் அதிலே வரும். அந்தத் துதிக்கு 'ஒரிக்கி' என்று பெயர். முரசுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 'ஆயன்' என்று தொடங்கும் பெயர்தான் வைப்பார்களாம்.

நம் பம்பைக்காரர் பாட்டுக்குப் புஸ்தகம் கிடையாது. தகப்பனார் பக்கத்தில் நின்று, இரவெல்லாம் கண் விழித்துக் காதால் பிடித்தது. சம்பாத்தியமோ திருவிழா மாதங்களில்தான். மற்ற நாளில் கூலி வேலை. பாண்டு செட்டுக்குக் கேட்டதைக் கொடுப்பவர்கள் இவரிடம் மட்டும் பேரம் பேசுவார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

ஓசூரில் சிப்காட் ஆலைகள் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மாதம் பிறந்தால் சம்பளம். பம்பைக்காரர் மகன் அங்கே போகிறான் என்றால் எந்தத் தாய்தான் தடுப்பாள்? நீங்கள் தடுப்பீர்களா? திருவிழாவுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பம்பையை எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், லீவு கிடைக்கிற வருஷங்களில்.