பெரியம்மாவின் மூக்கு

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகம் பெயர் கேட்ட ஊர் பொட்டிபுரம். போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு தோழர் வீட்டில் நாங்கள் நாலு பேர் ஸ்காட்ச் விஸ்கி ருசி பார்த்தோம். முகம் சுளிக்கும் தோழர்கள் முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் கொண்டுவந்த பாட்டில். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடித்த சிங்கிள் மால்ட். முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில் வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருந்தால்தான் அந்தப் பெயர் போடலாம். அங்கே சட்டமே அப்படி.

ருசி பார்க்க ஒரு முறை உண்டு என்றார் நண்பர். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. முதலில் முகர வேண்டும். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும். பிறகுதான் ஒரு வாய். விழுங்கிய பின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் கவனிக்க வேண்டும்.

நாங்கள் முகர்ந்தோம். "ஆஸ்பத்திரி வாடை" என்றார் ஒருவர். அதற்கு மேல் யாருக்கும் சொல் வரவில்லை.

தோழரின் பெரியம்மா எட்டிப் பார்த்தார். போடிமெட்டு வழியாக விடியற்காலை ஜீப்பில் ஏறிப்போய், முப்பது வருடத்துக்கு மேல் ஏலக்காய் எடுத்தவர். கிளாஸை வாங்கி முகர்ந்தார்.

"ஏம்ப்பா, இது பொகையில காயவச்சதா? அடைமழையில ஸ்டோர்ல ஈரவெறகு போட்டா இந்த வாசந்தான் வரும்."

நண்பர் அசந்துபோனார். சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட்டை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பதால் வரும் வாசம்தான் அது. "ஒரு வாய் பாக்குறீங்களா?" என்றோம். "வாசம் தெரியக் குடிக்கவா வேணும்?" என்று உள்ளே போய்விட்டார்.

ரசனை பிறவிக் குணமல்ல, மேல்தட்டு தன்னைப் பிரித்துக் காட்டப் போடும் வேலி என்று எம்.ஏ. வகுப்பில் போர்தியூவைப் படித்தோம். அன்றுதான் அது கண்ணெதிரே நடந்தது. போடி ஏல மையத்தில் காயின் நிறம், பருமன், லிட்டர் எடை பார்த்து விலை சொல்பவர்கள் வியாபாரிகள். காயைத் தொட்டு எடுத்த பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. கிளப்பில் கிளாஸைச் சுழற்றுபவர் ரசிகர். எங்கள் காலனியில் டாஸ்மாக் குவார்ட்டரோடு நிற்பவர் குடிகாரன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோதும் "குடித்தால் சாகத்தானே செய்வான்" என்றார்கள். கொன்றது மெத்தனால். குடிக்கிற சாராயத்திலிருந்து அதை எந்த மூக்காலும் பிரித்தறிய முடியாது. கலந்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியைச் செத்தவனிடம் கேட்டார்கள்.

மதுவுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. எங்கள் வேலையில் பாதி நாள் குடியால் சிதைந்த வீடுகளில்தான் போகிறது. ஆனால் அறிவு யாரிடம் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் அந்த வீடுகளுக்குள் போனால், நாமும் புத்திமதி சொல்லும் துரைகளாகிவிடுவோம்.

அடுத்த கூட்டத்தில் பாட்டில் இல்லை. தட்டில் ஏலக்காயைக் கொட்டி, பெரியம்மா பேசப் போகிறார். நோட்டோடு வாருங்கள்.