வேறொன்றும் கலவாமல்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில், என் வெள்ளை அங்கியின் தோள்பட்டையில் கரும்பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கக் கண்டேன். தட்டிவிட்டேன். அவை உதிராமல் மசிந்து கறையாயின. முந்தின நாள்தான் அந்த அங்கியை வீட்டுச் சலவை இயந்திரத்தில் துவைத்திருந்தோம். முகர்ந்து பார்த்தால் ஈரச் சாக்கின் நெடி.

இதற்கு யார் காரணம் என்று முடிவுசெய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் ஒற்றை அறை வீடொன்றில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் அறைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். ஆகையால் சனிக்கிழமைதோறும் சீருடைகளை எங்கள் இயந்திரத்திலேயே துவைத்துக்கொள்ளும்படி என் மனைவி சொல்லியிருந்தார். நம் பகுதியின் நிலை இதுதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே 2007 முதல் இயங்கிவரும் சாம்சங் ஆலையில் சலவை இயந்திரங்கள் தயாராகி வெளியூர்களுக்குப் போகின்றன. சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளிலோ வாளியும் பார் சோப்பும்தான்.

அன்று மாலையே அந்தப் பெண்களிடம் சொன்னேன்: “உங்கள் சீருடையிலுள்ள எண்ணெய் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டது. இனிமேல் வேண்டாம்.” மூவரும் ஒன்றும் பேசாமல் போனார்கள்.

மறுநாள் வந்த மெக்கானிக் உள் டிரம்மைக் கழற்றி வெளியே எடுத்துக் காட்டினார். நாம் துணி போடுகிற டிரம்மைச் சுற்றி வெளியே மற்றொரு தொட்டி இருக்கிறது. துளைகள் வழியே தண்ணீர் இரண்டுக்கும் நடுவே போய்வரும். அந்த இடைவெளி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரையாத சோப்பு, நூல் துகள், உடம்பின் எண்ணெய்ப் பசை, உப்புநீரின் படிவு எல்லாம் சேர்ந்து அங்கே கூழாக ஒட்டியிருந்தன. “இது எண்ணெய்க் கறை இல்லை ஐயா. பவுடரை அதிகமாகப் போட்டு, எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து, துவைத்ததும் மூடியைச் சாத்திவிட்டால் இப்படித்தான் ஆகும். பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் உள்ளேயே கிடைத்துவிடுகிறது” என்றார். ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுவது என் வழக்கம். தூசி விழாதிருக்க மூடியைச் சாத்துகிறவனும் நானே.

தொட்டியைத் தம்மால் முடிந்த அளவு சுரண்டிப் பூட்டிவிட்டு, மிச்சம் போக பிளீச் ஊற்றி ஓட்டும்படி சொல்லிப் போனார். அன்று பிற்பகலே குளியலறைக்குள் போய் இயந்திரத்தில் பிளீச்சை ஊற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். உப்புப் படிவும் ஒரே வேளையில் போகட்டும் என்று எண்ணி, படிவு நீக்கும் பவுடர் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டினேன். அது சிட்ரிக் அமிலம். நொடிப்பொழுதில் தொண்டை எரிந்தது. கண்கள் நீரைக் கொட்டின. இருமிக்கொண்டே, எதையாவது ஊற்றி அலசிவிடலாம் என்று அங்கேயே நின்றேன்.

மறந்துவிட்டுப்போன அடையாள அட்டையை வாங்க அந்நேரம் வந்த ஒரு பெண், அந்த மூவரில் இளையவள், வாசலிலிருந்தே கத்தினாள். “ஐயா, அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க! ஆசிட்டையும் பிளீச்சையும் ஒண்ணா சேர்க்கக் கூடாது. எங்க கம்பெனியில முதல் நாளே சொல்லித் தருவாங்க.” என்னை வெளியே வரவழைத்து, கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, என் மனைவியையும் அழைத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். இருமல் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்கக் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். தெய்வாதீனமாக அதற்குத் தேவை ஏற்படவில்லை.

பிளீச்சிலிருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அமிலம் பட்டால் அது குளோரின் வாயுவை விடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை போர்முனையில் திறந்துவிட்டதும் இதே வாயுதான். வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை ஆசிட், அமோனியா கலந்த திரவம் எதுவும் பிளீச்சோடு சேரக் கூடாது. தண்ணீர் ஒன்றே அதற்குத் துணை.

சகோதரிகளே, சகோதரரே, உங்கள் வீட்டில் செய்வதானால் முதலில் இயந்திரத்தின் கையேட்டைப் பாருங்கள்; சில இயந்திரங்களுக்கு பிளீச் ஆகாது. ஆகும் என்றால் அதில் சொன்ன அளவு மட்டும் ஊற்றுங்கள். துணியோ சோப்போ போடாமல் ஒருமுறை முழுதாக ஓடட்டும். பின்பு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. இரவெல்லாம் ஊறவிட்டால் எஃகு டிரம்மும் அரிக்கும். படிவு நீக்கும் பவுடரை வேறொரு நாளில் தனியாகப் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். எல்லாம் முடிந்தபின் மூடியையும் திறந்தே வையுங்கள்.

மூச்சு சீரான பிறகு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்ட விதம் இது: “தப்பு என்னுடையதுதான், அம்மா. ஆனாலும் உங்கள் சீருடையிலும் கொஞ்சம் எண்ணெய் இருந்ததல்லவா?” அவள் தலையை ஆட்டி, “சரிங்க ஐயா” என்றாள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை மூவரில் ஒருவரும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு சவுலையும் தாவீதையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்டவர்களே. ஆனால் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் சவுலின் அறிக்கையோடு ஜனங்களுக்குப் பயந்தேன் என்ற சாக்கும், மூப்பர்களுக்கு முன்பாகத் தன் மரியாதை கெடக் கூடாதென்ற வேண்டுதலும் கலந்திருக்கின்றன. 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் முன் தாவீது சொன்னதோ ஒரே வாக்கியம். அதில் வேறொன்றும் கலக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்த இரு அதிகாரங்களையும் பிரசங்கித்து வருகிறேன். என் “ஆனாலும்” அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். மன்னிப்பாக நான் நீட்டியதில் பழியையும் சேர்த்தே நீட்டியிருந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் அறைக்கு நடந்து போனேன். இரவு ஷிப்டு முடிந்து வந்திருந்தார்கள். வாசலில் நின்றபடி, “உங்கள்மேல் வீண்பழி சுமத்தினேன். என்னை மன்னியுங்கள்” என்றேன். அதற்குமேல் வாய்வரை வந்த விளக்கங்களை விழுங்கிக்கொண்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “உட்காருங்க ஐயா, டீ போடுறேன்” என்றாள்.

இந்த வாரம் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியவராய் இருக்கிறீர்களா? போவதற்கு முன் அந்த வாக்கியத்தை ஒருமுறை உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள். அதில் “ஆனால்” என்ற சொல் இருந்தால் எடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெபம்: எங்கள் உள்ளங்களை அறிந்த ஆண்டவரே, கண்ணுக்கு மறைவான இடத்தில் நாங்கள் சேர்த்துவைத்த அழுக்கை எங்களுக்குக் காண்பியும். பிறர்மேல் சாட்டாமல் அதை அறிக்கையிட எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.